கையை ஆட்டச் சொல்லும் விளக்கு

ஆள் அசைந்தால் எரியும் விளக்கை என் மகன் ஈப்போ நகரத்து வீட்டு மாடிப்படியில் மாட்டியிருக்கிறான். முட்டி வலித்ததால் பாதிப் படியில் நின்றேன். பட்டென்று அணைந்தது.

"கையை ஆட்டுங்கப்பா, வந்துடும்லா," என்றான் கீழேயிருந்து.



நான் சிறுவனாக இருந்தபோது, எஸ்டேட்டில் விடியுமுன் பேர் கூப்பிடும் பெரட்டில், கணக்கெழுதும் கிராணி ஒவ்வொரு முகத்திலும் டார்ச் அடிப்பான். பக்கத்தில் வந்தாலே சுருட்டு நாற்றம். பேர் சொன்னதும் கையைத் தூக்க வேண்டும். ஒருநாள் காய்ச்சலில் அப்பாவுக்குக் கை எழவில்லை. கண்ணெதிரே நின்றவரை, "ஆள் வரலை" என்று எழுதிவிட்டு, வெளிச்சத்தை அடுத்த முகத்துக்குத் திருப்பினான்.

"ஆட்டுங்கப்பா!"

நான் விரலைக்கூட அசைக்கவில்லை.

"ஆள் வந்தாச்சுடா, இங்கதான் நிக்கிறேன்," என்று இருட்டிலிருந்து கத்தினேன்.