எழுத்துருவை மடியில் வைத்துக்கொண்டு போன நாள்

போன வாரம் செல்வி அலைபேசியில் கூப்பிட்டாள். எடுத்த எடுப்பிலேயே, "ஏம்புள்ள, என்ற கல்யாணப் பத்திரிகை அந்தக் கம்ப்யூட்டர்ல இன்னும் இருக்குதா?" என்றாள். எந்தக் கம்ப்யூட்டர் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தக் கம்ப்யூட்டர் என்றால் ஒன்றுதான்.

அவள் மகளுக்குக் கல்யாணம். பேச்சு நேரே விஷயத்துக்கு வந்தது. "பெரிய மாமா போய்ச் சேந்து வருசம் ஆகப்போவுதில்ல. புள்ள பத்திரிகையில மாமா பேரு மட்டும் என்ற கல்யாணப் பத்திரிகையில இருந்த அதே எழுத்துல வரோணுமாம். அம்மா ஒரே புடியா நிக்குது. முடியுமா, முடியாதா?"

"முடியும்" என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியாமலேயே முடியும் என்று சொல்வது என் பழைய வியாதி. மல்லசமுத்திரத்தில் வீட்டில் உட்கார்ந்தபடி புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் காலம் தள்ளுகிறவள் நான். இந்த வியாதியால்தான் எனக்கு வேலையும் கிடைக்கிறது, தூக்கமும் கெடுகிறது.

அந்தப் பத்திரிகையை நான் ஏற்றி வைத்திருந்த சிடி பட்டுப்புடவை அடுக்கின் அடியில் இருந்தது. உறையைப் பிரித்ததும் பாச்சை உருண்டை வாசம் குப்பென்று அடித்தது. அந்த வாசம் எனக்குப் புடவையை ஞாபகப்படுத்தாது. எடப்பாடி பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில், மாடியில், முருகேசண்ணன் நடத்திய டிடிபி சென்டரைத்தான் ஞாபகப்படுத்தும். கம்ப்யூட்டருக்குள் பூச்சி போகாமல் இருக்க மேசைக்கு அடியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருப்பார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். காலையில் கம்ப்யூட்டருக்கு ஊதுபத்தி காட்டி, மானிட்டர் நெற்றியில் சந்தனம் வைத்து, அதன் பிறகே சுவிட்ச். அவருக்கு முன்னால் சுவிட்சைத் தொட எனக்கும் செல்விக்கும் தைரியம் இருந்ததில்லை.

நானும் செல்வியும் அங்கே பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நாள் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ். தட்டச்சு வேகம் எங்களிடம் இருந்தது. கம்ப்யூட்டர் பேசும் சொற்களுக்குப் பொருள்தான் தெரியாது. திரையில் ஏதாவது ஆங்கிலத்தில் கேட்டால் 'ஓகே'யை அமுக்குவோம். அது என்ன கேட்டது, நாங்கள் எதற்குச் சம்மதித்தோம் என்பதெல்லாம் அதற்கே வெளிச்சம்.

அப்படியிருக்கையில் செல்விக்கே கல்யாணம் கூடியது. மாப்பிள்ளை ஜலகண்டாபுரத்துப் பையன். எல்லாம் நல்லபடியாக நடந்தது, ஒன்றைத் தவிர. செல்வியின் அம்மாவும் அம்மாவின் அண்ணனான பெரிய மாமா பழனிச்சாமியும் பொதுக்கிணற்றில் தண்ணீர் இறைக்கிற முறைக்காகச் சண்டை போட்டு, பேச்சு நின்று வருடக்கணக்கில் ஆகியிருந்தது. அண்ணன் தோட்டமும் தங்கச்சி தோட்டமும் ஒரே கிணற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். ஒருவர் மோட்டார் போட்டால் இன்னொருவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். தாய்மாமன் வராமல் கல்யாணமா? ஊர்ப் பெரியவர்கள் போய்ப் பேசிப் பேசி, கடைசியில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "தாய்மாமன்னு என்ற பேரைப் போட்டுப் பத்திரிகை வரட்டும். பாத்துப்போட்டு வாரேன்."

அமாவாசையன்று முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, இரண்டாவது பத்திரிகை மாமனுக்கு என்று முடிவானது. செல்வியின் அம்மா சென்டருக்கே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அண்ணன் பேரைக் கொஞ்சம் தடிப்பா போடு சாமி" என்றார். பத்திரிகை முழுக்கச் சென்டரில் இருந்ததிலேயே அழகான எழுத்துருவில் போட்டு, மாமன் பேரை நல்ல தடிப்பாகப் போட்டேன். அந்த எழுத்துருவைச் சேலத்திலிருந்து வந்த ஒருவர் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். வாலெல்லாம் வளைத்து, கொம்பெல்லாம் நிமிர்த்தி, பார்க்கவே மாப்பிள்ளை முறுக்கு.

பல வண்ணப் பத்திரிகை என்பதால் அச்சு சேலத்தில். அச்சகத்தில் போனில் சொன்னார்கள், "பிடிஎஃப்பா கொண்டாந்துருங்க." பிடிஎஃப் என்றால் என்ன? எங்கள் ஃபைல் பேஜ்மேக்கர் என்கிற மென்பொருளில் இருந்தது. ஃபைல் பெயரின் கடைசியில் ஒரு புள்ளி, அதற்கப்புறம் சில எழுத்து. அந்த வாலுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர் என்பதெல்லாம் அப்போது தெரியாது. முருகேசண்ணன் இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்.

"இதுல என்னம்மிணி இருக்குது? எடப்பாடி சேலம் ஓடற வண்டிய மத்தியானம் திருச்செங்கோட்டுக்கு உடறதில்ல? போர்டைத்தான மாத்தறோம்? அந்த மாதிரி மாத்து."

போர்டை மாற்றினேன். பழைய எழுத்துகளை அழித்துவிட்டு பிடிஎஃப் என்று தட்டினேன். பெயரை மாற்றினால் ஃபைல் கெட்டுப்போகலாம் என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது, வழக்கம்போல ஓகே. அடுத்த நொடி ஃபைலின் படமே மாறிவிட்டது! நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும்.

ஃபைலை எடுத்துக்கொண்டு நானும் செல்வியும் போன சேலத்தில் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. அச்சகத்தின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன் எங்கள் வயதுதான், பேர் குமார். வேர்க்கடலை கொறித்துக்கொண்டே திறந்து பார்த்தான். திறக்கவில்லை. பழையபடி போர்டை மாற்றித் திறந்தான். திறந்தது. ஆனால் பத்திரிகையில் ஒரு தமிழ் எழுத்து இல்லை. ஆங்கில எழுத்துகள், அவற்றின் தலையில் கொம்பு, காலில் வால், நடுவே கேள்விக்குறி. தாய்மாமன் இருந்த இடத்தில், நல்ல தடிப்பாக, யாரும் வாசிக்க முடியாத ஒரு வரி.

செல்வியின் முகம் செத்துப்போயிற்று. "இதைக் கொண்டு போயி மாமாகிட்டக் குடுத்தா, இந்த சென்மத்துல எங்கம்மாகூடப் பேச மாட்டாரு" என்றாள். குமார், "உங்க ஃபான்ட் எங்ககிட்ட இல்லீங்க" என்றான். ஃபான்ட், அதாவது எழுத்துரு, எங்கே இருக்கும்? ஃபைலுக்குள்தானே இருக்க வேண்டும்? காகிதத்தில் எழுதினால் மை காகிதத்தோடு வருவது போல எழுத்தும் ஃபைலோடு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். எடப்பாடியில் தெரிந்தது சேலத்தில் தெரியவில்லை என்றால், எழுத்து எடப்பாடிக் கம்ப்யூட்டருக்குள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். இதுவரை நான் நினைத்தது சரி. அதற்கு அடுத்து நாங்கள் செய்ததுதான் கூத்து.

மறுநாள் கம்ப்யூட்டரையே தூக்கிக்கொண்டு போனோம்.

சிபியு பெட்டியைக் கழற்றி, முருகேசண்ணன் வீட்டு ஜமுக்காளத்தில் சுற்றி, சேலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் செல்வி, இரண்டு பேர் மடியிலும் பாதிப் பாதியாக அது. கிளம்பும்போது அண்ணன் அதற்குத் திருஷ்டி கழித்து எலுமிச்சம்பழம் வைத்துவிட்டிருந்தார். குழி வந்தால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம். கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"ஏனுங்கம்மிணி, சீருங்களா?"

கல்யாணப்பெண் தலையைக் குனிந்துகொண்டாள். "பத்திரிகைங்க" என்றேன் நான். இத்தனை பெரிய பத்திரிகையை அவர் பார்த்திருக்க மாட்டார். லக்கேஜ் கேட்காமல் போய்விட்டார்.

குமார் எங்களையும் ஜமுக்காளத்தையும் பார்த்துக் கடலையை மேசையில் வைத்தான். தன் மானிட்டரைக் கழற்றி எங்கள் பெட்டியில் மாட்டினான். ஃபான்ட்ஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் எங்கள் முறுக்கு மீசை எழுத்துரு. அதை ஒரு ஃப்ளாப்பியில் ஏற்றித் தன் கம்ப்யூட்டரில் போட்டான். பத்திரிகை பளிச்சென்று தமிழில் விரிந்தது. சட்டைப் பையில் அடங்கும் ஒரு ஃப்ளாப்பிக்காக நாங்கள் சேலம் வரைக்கும் பெட்டி சுமந்திருக்கிறோம். வெட்கப்படக்கூட எங்களுக்கு நேரமில்லை, அத்தனை சந்தோஷம்.

அதுவும் நிலைக்கவில்லை. அச்சடிப்பதற்கு முன்னால் அதற்கான ஃபிலிம் போடுவது வேறொரு கடையில், அங்கேயும் இந்த ஃபான்ட் இருக்காது என்றான் குமார். செல்வி ஜமுக்காளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அங்கயும் தூக்கிட்டுப் போவமா?"

அப்போதுதான் குமார் திரையில் நிஜமான பிடிஎஃப் செய்கிற ஜன்னலைத் திறந்தான். நிறையச் சின்னச் சின்னக் கட்டங்கள். எதற்கு என்று அவனுக்கும் தெரியாது; அவனும் எங்களைப் போல ஓகே சாதிதான். வாழ்க்கையில் முதல்முறையாக நான் ஓகேயை அமுக்க விடவில்லை. "இருங்க, படிக்கலாம்" என்றேன். ஒரு கட்டத்துக்குப் பக்கத்தில் 'எம்பெட்' என்று இருந்தது, கூடவே ஃபான்ட் என்றும் இருந்தது. பிழை திருத்துகிறவர் மேசையில் கிடந்த அகராதியைப் புரட்டினேன். பதி, உள்ளே பதித்து வை.

பதித்து வை! மூக்குத்தியில் கல்லைப் பதிக்கிற மாதிரி. மூக்குத்தியை எந்த ஊருக்குக் கொண்டுபோனாலும் கல்லும் கூடவே போகுமே. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "ஃபைலுக்குள்ளயே எழுத்தைப் பதிச்சு அனுப்பலாமுங்க, அதைத்தான் கேக்குது" என்று அச்சகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். குமார் டிக் போட்டான். செய்த பிடிஎஃபை, ஃபான்ட் இல்லாத இன்னொரு கம்ப்யூட்டரில் திறந்தோம். தாய்மாமன் பழனிச்சாமி, வால் வளைந்து, கொம்பு நிமிர்ந்து, அப்படியே இருந்தார். செல்வி என் கையைக் கிள்ளியே விட்டாள்.

அன்றைக்குப் பிடித்ததுதான், சொல்லுக்குப் பொருள் தேடுகிற இந்தப் பைத்தியம். பஸ்ஸில் திரும்பி வரும்போது, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் எதற்கெல்லாம் ஓகே சொன்னோம் என்று யோசித்து யோசித்துக் குதூகலமாக இருந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாக விசாரிக்க ஆரம்பித்தேன். 'பிளீட்' என்றால் ரத்தம் இல்லை, வெட்டும்போது போவதற்காக ஓரத்தில் கூடுதலாக விடுவது. ரவிக்கை தைக்கிறவர் உள்ளே மடித்து விடுவாரே, அந்தத் துணி. அந்த ஒரு சொல் புரிந்த நாளில் முருகேசண்ணனுக்கும் செல்விக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தேன்.

மாமா பத்திரிகையை வாங்கித் தன் பேரின் மேல் விரலை வைத்து மெதுவாக வாசித்தார். "நல்லா எடுப்பா இருக்குது சாமி" என்றார். கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்தார். அந்தப் பத்திரிகையைக் கிணற்று மோட்டார் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தார். அதற்கப்புறம் அவர் முறை முடிந்தால் தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

சரி, சிடிக்கு வருகிறேன். இப்போதுள்ள மடிக்கணினியில் சிடி போடுகிற வாயே இல்லை. போட்டோ ஸ்டுடியோவில் ஒரு டிரைவ் கடன் வாங்கிப் போட்டேன். சிடியில் இரண்டு ஃபைல். பேஜ்மேக்கர் ஃபைலை என்னிடம் இருக்கும் எதுவும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. பிடிஎஃப் திறந்தது. நேற்றுச் செய்தது போல, ஒரு சுழி கலையாமல்.

ஃபைலின் விவரங்களைப் பார்த்தேன். எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்தில் 'எம்பெடட் சப்செட்' என்றிருந்தது. சப்செட் என்றால் முழு எழுத்துருவும் இல்லை, அந்தப் பத்திரிகைக்குத் தேவைப்பட்ட எழுத்துகள் மட்டும். அந்த எழுத்துரு இன்று எங்கே தேடினாலும் இல்லை. போட்டுக் கொடுத்தவர் இல்லை, எங்கள் பெட்டி எந்தக் காயலான் கடைக்குப் போனதோ, டிடிபி சென்டர் இருந்த மாடியில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். எழுத்து கலைந்து கொம்பும் கேள்விக்குறியுமாக வருகிற காலமே போய்விட்டது. உலகத்தில் அந்த எழுத்துருவில் மிச்சம் இருப்பது செல்வி கல்யாணத்துக்கு வேண்டியிருந்த எழுத்துகள்தான்.

மொத்தப் பத்திரிகையையும் அதில் போட ஆசைப்பட்டேன். முடியவில்லை. பெண் பெயர் வர்ஷிணி, மாப்பிள்ளை பெயர் ஹரிஷ். அந்தக் காலத்துப் பத்திரிகையில் ராமாயியும் செங்கோட்டையனும் குப்புசாமியும்தான் இருந்தார்கள். ஷ எங்கே கிடைக்கும்? ஹ எங்கே கிடைக்கும்? ஜ மட்டும் இருந்தது, ஜலகண்டாபுரத்தின் புண்ணியத்தில்.

ஆனால் மாமா முழுசாக இருந்தார். பேரை வடிவமாகப் பெயர்த்து எடுத்துப் புதுப் பத்திரிகையில் வைத்தேன். வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது, இந்தத் தடவை பேருக்கு முன்னால் இன்னொரு சொல் வேண்டும். அதுவும் பழைய பத்திரிகையிலேயே இருந்தது. செல்வி மாப்பிள்ளையின் தாத்தா பேருக்கு முன்னால், அதே எழுத்தில், தெய்வத்திரு. பக்கத்தின் மேலேயும் கீழேயுமாக இத்தனை காலம் தள்ளித் தள்ளி இருந்த இரண்டு சொற்களை நான்தான் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

எம்பெட் ஆகியிருக்கிறதா என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்து, பிடிஎஃபைச் செல்விக்கு அனுப்பினேன். மடியில் எதையும் தூக்காமல், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல். சாயங்காலம் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது.

"அம்மா போனைக் குடுக்கவே மாட்டேங்குது புள்ள. ரெண்டு வெரல வெச்சுப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாக்குது. எத்தன பெருசு பண்ணுனாலும் எழுத்து உடையவே இல்ல. முன்னால இருக்கற தெய்வத்திருவ ஸ்கிரீனுக்கு அக்கட்டால தள்ளிப்போட்டு, மாமா பேரை மட்டும் வெச்சுப் பாத்துட்டு உக்காந்திருக்குது."