இருக்கக் கூடாத கதிரைகள்

பழைய கதிரை, அதாவது நாற்காலி, விற்கிற கடையில் முக்கியமான வேலை, வருகிற ஆட்களை அதில் உட்கார்ந்து இருக்க விடாமல் பார்ப்பதுதான். சனிக்கிழமைகளில் கடை வேலைக்குக் கால்கடுக்க நிற்கும் சக பாவிகளே, உங்களுக்கு இது விளங்கும்.

எங்கள் கடை ஹரோவில். முதலாளி, பாரிஸிலிருந்து வந்த சிவா அண்ணை. அவருடைய உயிர், அமெரிக்காவிலிருந்து எடுப்பித்த நாலு பழங்காலக் கதிரைகள். இருக்கைத் துணியில் ஆரோ ஒருத்தி கையால் தைத்த ரோசாப்பூக்கள். அதில் ஆராவது இருந்தால் அடுத்த கிழமை நான் வரத் தேவையில்லை என்று சொல்லியிருந்தார். அம்மாவுக்குச் சனியும் ஷிப்ட். வீட்டில் சுவரோடு பேசாமல் இருக்கவே எனக்கு இந்த வேலை வேணும்.

நாலு குரல்

மழை நாட்களில் ஒருவரும் வரமாட்டினம். நான் ஒவ்வொரு கதிரைக்கும் ஒரு குரல் கொடுத்துச் சண்டை பிடிக்க விடுவேன். ஒன்று பௌதிக ரீச்சர், ஒன்று ரயில் அறிவிப்பு, ஒன்று பெரியம்மா, கடைசி சிவா அண்ணை. ஒருநாள் அண்ணை பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிட்டார். சிரிக்கவில்லை.

"என்ர குரலில மூக்கு கூடிப்போச்சு. மற்ற மூண்டும் சரி."

போனில் முதலாளி

அண்ணை வெளியே போயிருந்தபோது கடைப் போன் அடித்தது. ஒரு ஆசையில் அவருடைய குரலிலேயே, "ஓம், சிவா கதைக்கிறன்" என்றேன். மறுபக்கத்திலும் அதே குரல்தான் கேட்டது.

"அப்ப இந்தக் காரில இருக்கிறது ஆர், பிள்ளை?"

கொஞ்சம் இருங்கோ

ஒரு மழைநாளில் வயதான அன்ரி ஒருவர் தனியே வந்து கதிரையின் விலை கேட்டா. அண்ணையைக் கேட்டு வருகிறேன், கொஞ்சம் இருங்கோ என்று சொல்லிப் பின்னறைக்கு ஓடினேன். நான் சொன்னது காத்து நிற்கச் சொல்லி. அண்ணையோடு திரும்பி வந்தால், அன்ரி நனைந்த கோட்டோடு ரோசாப்பூவின் மேல் இருக்கிறா. என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

எங்கள் முகத்தைப் பார்த்து அன்ரி பதறி எழும்பினா. "இருக்கச் சொன்னதெண்டு நினைச்சன், பிள்ளை. ஆரும் அப்பிடிச் சொல்லிக் கனகாலம்."

அண்ணை ஈரப்பூவைத் தடவிப் பார்த்தார். பிறகு அன்ரியைத் திரும்ப இருத்திவிட்டு, தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"அடுத்த கிழமை வரேக்க பிஸ்கட் வாங்கிக்கொண்டு வா."

கதிரை விற்கிறவர்களின் விதி இதுதான்: அன்ரி பிறகு வரவேயில்லை, அவவுக்கெண்டு வாங்கிய பிஸ்கட்டை அண்ணையும் நானும் நின்றுகொண்டே தின்று முடித்தோம்.