முப்பத்தோராவது நிமிடத்தில் வெளியேறியவர்

தொண்ணூறுகளின் நடுவில் ஐந்து ஆண்டுகள் நான் கால்பந்து நடுவராக இருந்தேன். வேலை தி.நகரில் ஓர் அலுவலகத்தில், வீடு மயிலாப்பூரில். சனி, ஞாயிறுகளில் கறுப்புச் சட்டையும் கறுப்பு அரைக்கால்சட்டையும் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போவேன். கீழ்ப்பிரிவு ஆட்டங்கள்தான். பார்க்க ஐம்பது பேர் வந்தால் அதிகம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு தாள் எழுதுவேன். தொடங்கிய நேரம், நின்ற நேரம், யார் யாரை எந்த நிமிடத்தில் எந்தப் பக்கத்திலிருந்து இடித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தத் தாள்களை இன்னும் வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் நான் எழுதாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

ஆட்டம் மந்தைவெளிப் பக்கம் ஒரு மைதானத்தில். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தரை சிமென்ட் போட்டதுபோல இறுகி, மேலே மட்டும் பொடி மணல் பரவியிருந்தது. அப்படிப்பட்ட தரையில் காலை நீட்டிச் சறுக்கி வருகிறவரால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. சறுக்கிக்கொண்டே போவார், எதிரே இருப்பவரின் கால்தான் அவரை நிறுத்தும்.

மூன்று மணிக்குத் தொடங்க வேண்டும். இரண்டு ஐம்பதுக்கு அணிகளை வரிசையாக நிற்கவைத்துப் பதிவு அட்டைகளைச் சரிபார்த்தேன். அட்டையில் புகைப்படம் இருக்கும். படத்தையும் முகத்தையும் ஒப்பிட வேண்டியது நடுவரின் பொறுப்பு. ஓர் அலுவலக அணியின் ஒன்பதாம் எண் ஆட்டக்காரரிடம் வந்தேன். படத்தில் இருந்தவருக்கு மீசை, முப்பது வயது, விரிந்த காதுகள். என் முன்னால் நின்றவருக்கு இருபத்துநாலு வயதுக்கு மேல் இராது. மீசை இல்லை. காது தலையோடு ஒட்டியிருந்தது.

அணியின் மேலாளர் முந்திக்கொண்டார். "மீசைய எடுத்துட்டான் சார். பொண்டாட்டி புடிக்கலன்னுட்டா."

வரிசையில் யாரோ, "காதும் புடிக்கலன்னு சொல்லிட்டா மச்சி" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒன்பதாம் எண் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரிந்தது. அட்டைக்கு உரியவர் வரவில்லை. அந்த அணியில் பத்துப் பேர்தான் இருந்தார்கள், வெளியிலிருந்து நன்றாக ஆடும் ஒருவரைக் கூட்டிவந்திருக்கிறார்கள். நான் அவரை நிறுத்தியிருந்தால் விவாதம் வந்திருக்கும், எழுத்துவேலை வந்திருக்கும், ஆட்டம் இருபது நிமிடமாவது தள்ளிப்போயிருக்கும். அந்த மைதானத்திலேயே ஐந்து மணிக்கு அடுத்த ஆட்டம். அதுவரை நான் ஓர் ஆட்டத்தையும் தாமதமாகத் தொடங்கியதில்லை. ஒன்பது என்ற எண்ணுக்கு எதிரே டிக் போட்டேன். சரியாக மூன்று மணிக்கு விசில் ஊதினேன்.

அவர் மிக நன்றாக ஆடினார். பந்தைக் காலுக்கு அடியில் நிறுத்தி, எதிராளி நெருங்கும்வரை காத்திருந்து, கடைசி நொடியில் விலகுவார். கண்ணுக்கு அழகான ஆட்டம். ஆனால் காத்திருக்கும்போது உடல் பாரம் முழுவதும் ஒரே காலில் நிற்கும். ஐந்து ஆண்டுகளில் நான் பார்த்தவரை, ஒடிவது எப்போதும் ஊன்றிய கால்தான். காற்றில் இருக்கும் கால் அடிபட்டாலும் விலகிக்கொள்ளும்.

ஒன்பதாவது நிமிடம். எதிரணியின் ஸ்டாப்பர், பின்வரிசையின் நடுவில் ஆடும் கனத்த ஆள், பின்னாலிருந்து வந்து அவருடைய குதிகாலில் உதைத்தார். விசில் ஊதினேன். ஒன்பதாம் எண் எழுந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். "சார், பாலுக்கு வரல சார் அவன். காலுக்கு வரான். பாத்துக்கோ சார்."

முதல் பதினைந்து நிமிடத்துக்குள் மஞ்சள் அட்டை காட்டுவதில்லை என்று நானே ஒரு விதி வைத்திருந்தேன். ஆட்டம் சூடேறுமுன் அட்டையை எடுத்தால் பிறகு அதற்கு மதிப்பு இருக்காது என்பது என் கணக்கு. ஸ்டாப்பரைக் கூப்பிட்டு வாயால் எச்சரித்தேன். "இன்னொரு தடவை பின்னாடியிலிருந்து வந்தா வெளியே போயிடுவீங்க" என்றேன். அவர் தலையாட்டினார்.

முப்பத்தோராவது நிமிடம் அவர் பக்கவாட்டிலிருந்து வந்தார். இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்பியிருந்தன, பூட்ஸின் அடிக்கட்டைகள் முன்னால் தெரிந்தன. ஒன்பதாம் எண் பந்தை வலதுகாலால் இழுத்துக்கொண்டு இடதுகாலில் நின்றிருந்தார். முருங்கைக் கிளை ஒடிவதுபோலச் சத்தம் கேட்டது. என் விசில் அதற்குப் பிறகுதான்.

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் கால் இன்னொரு முறை மடங்கியிருந்தது. அவர் கத்தவில்லை. இரண்டு கைகளாலும் மணலை அள்ளி அள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார். அணிக்காரர்கள் சுற்றி நின்று அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அட்டையில் இருந்த பெயரை ஒருவரும் சொல்லவில்லை. ஸ்டாப்பர் தலையில் கைவைத்துக்கொண்டு கோல் கம்பத்தருகே உட்கார்ந்துவிட்டார். அங்கே போய்த்தான் அவருக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். ஓர் ஆட்டோ மைதானத்துக்குள்ளேயே வந்தது. மேலாளர் ஏறிக்கொள்ள, பின் இருக்கையில் காலை நீட்டிப் படுக்கவைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். நான் நின்றுபோன நேரத்தைக் கணக்கிட்டு, எட்டு நிமிடம் கூட்டி ஆட்டத்தை நடத்தி முடித்தேன்.

வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, "அவன் ஆத்துல யார் யார் இருக்கா?" என்பதுதான். தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அட்டையில இருக்கற மூஞ்சியும் நிக்கறவன் மூஞ்சியும் ஒண்ணான்னு பாக்கத்தானே உங்களப் போட்டிருக்கா?" என்றாள்.

சிவப்பு அட்டை காட்டினால் இரண்டு நாளுக்குள் கால்பந்துச் சங்கத்துக்கு அறிக்கை தர வேண்டும். திங்கட்கிழமை மதியம் மேலாளர் என் அலுவலகத்துக்கு வந்தார். கீழே டீக்கடைக்குப் போனோம்.

"சார், கால் ஒடிஞ்சதுன்னு மட்டும் எழுதிடாதீங்க. அட்டைக்காரர் இன்னிக்கு ஆபீசுக்கு ரெண்டு காலால நடந்து வந்து ஃபைல் பாத்துக்கிட்டிருக்காரு."

"அப்ப என்ன எழுதறது?"

"ஒன்பதாம் நம்பர் வெளியேறினார்னு எழுதுங்க. பொய் இல்லையே சார்." டீயை ஊதிக்கொண்டே அவர் தொடர்ந்தார். "உண்மை தெரிஞ்சா எங்க டீமைத் தூக்கிடுவாங்க. உங்களையும் கேப்பாங்க, பாத்துத்தானே உள்ள விட்டீங்கன்னு."

அடுத்த மாதம் நடுவர்களுக்கான மேல்நிலைத் தேர்வு இருந்தது. நான் பெயர் கொடுத்திருந்தேன். அன்று மாலை அறிக்கையில் இப்படி எழுதினேன்: "முப்பத்தோராவது நிமிடத்தில் ஒன்பதாம் எண் ஆட்டக்காரர் மீது அபாயகரமான முறையில் பாய்ந்ததற்காக ஐந்தாம் எண் வெளியேற்றப்பட்டார். ஒன்பதாம் எண் ஆட்டக்காரரும் அதே நிமிடம் வெளியேறினார்." மூன்று முறை படித்துப் பார்த்தேன். தவறான சொல் ஒன்றும் இல்லை.

மூன்று வாரம் கழித்து அடையாறில் ஓர் ஆட்டம். கோலுக்குப் பின்னால் ஒரு பெண் தொடக்கம் முதல் முடிவுவரை நின்றுகொண்டிருந்தார். ஆட்டம் முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"நீதானே சார் அன்னிக்கி விசிலு ஊதினது? கால் ஒடிஞ்சானே, அவனோட அக்கா நானு."

ஆற்றோரக் குடியிருப்பில் இருப்பதாகவும், நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பதாகவும் சொன்னார். தம்பி மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர், மூன்று சக்கர வண்டியில் பாரம் ஏற்றி மிதிப்பதுதான் தொழில். ஒரு மடித்த சீட்டை எடுத்து நீட்டினார். மருத்துவமனைச் சீட்டு. அதில் அட்டைக்காரரின் பெயர் இருந்தது.

"இன்னா சார் இது? யாரோ பேரு போட்டுக்கீது. அந்த மேனேஜருதான் குடுத்தாராம். நர்சம்மா இந்தப் பேர கூப்புட்டா இவன் இன்னா தெரிஞ்சிக்கினு திரும்புவான்? போலீசு வந்து கேட்டா இன்னா பண்றதுன்னு பயந்துகினு நாலாம் நாளே ஓடியாந்துட்டான். சிந்தாதிரிப்பேட்டையில ஒருத்தர் கட்டு போட்டாரு. கோணலா சேந்துகினு வருது சார்."

அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார். காயம்பட்ட ஆட்டக்காரர்களைப் பார்க்கச் சங்கத்துக்கென்று ஓர் எலும்பு மருத்துவர் உண்டு. யார் காயம்பட்டார் என்று நடுவர் எழுதித் தந்தால் போதும், அவர் பார்ப்பார், வேண்டுமென்றால் அறுவை சிகிச்சையும் செய்வார். எலும்பு முழுக்க இறுகுவதற்குள் செய்ய வேண்டும்.

"அவன்தான் ஆடுனான், அவன் கால்தான் ஒடிஞ்சிதுன்னு எழுதிக் குடு சார். நீ பாத்தல்ல? ஒடிச்சவனாச்சும் ரெண்டு வாட்டி வந்து ரொட்டி குடுத்துட்டு அழுதுட்டுப் போனான்."

எழுதித் தருகிறேன் என்றேன். தம்பியின் பெயர், தந்தை பெயர், வயது மூன்றையும் அங்கேயே குறித்துக்கொண்டேன்.

கடிதம் எழுத ஆறு நாள் ஆனது. முதல் வரைவில் என் தவறை ஒரே வரியில் சொல்லியிருந்தேன். இரண்டாவதில் அதற்கு விளக்கம் சேர்த்தேன். மூன்றாவதில் விளக்கத்தை எடுத்துவிட்டேன். ஏழாம் நாள் சனிக்கிழமை. கையெழுத்திட்ட கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். சங்கத்துக்குப் போகவில்லை, ஆற்றோரக் குடியிருப்புக்குப் போனேன். பாதிக்கப்பட்டவரிடம் காட்டிவிட்டுக் கொடுப்பதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரே அறை. அவர் சுவரில் சாய்ந்து, காலை ஒரு மூட்டைமேல் நீட்டி உட்கார்ந்திருந்தார். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டு. முட்டையும் உளுந்தும் கலந்த பற்றின் வாடை அறை முழுக்க இருந்தது. கட்டுக்குள்ளேயே கால் வெளிப்பக்கமாக வளைந்திருப்பது தெரிந்தது. பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை. என்னைப் பார்த்ததும் எழ முயன்றார்.

நான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டார்.

"இத குடுத்தா டீம இன்னா பண்ணுவாங்க சார்?"

"நீக்கிடுவாங்க."

"என்னிய இன்னா பண்ணுவாங்க?"

"உன்னையும் கொஞ்ச நாளைக்கு ஆட விடமாட்டாங்க தம்பி. ஆனா டாக்டர் பாப்பார். கால் நேராகும்."

அவர் வேகமாகத் தலையை ஆட்டினார். "வாணாம் சார். அடுத்த வருசம் ஆபீஸ்லயே வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிக்கிறாரு மேனேஜரு. பியூன் வேல. இப்ப போய் எழுதிக் குடுத்தா அவரு மூஞ்சில எப்டி முழிக்கிறது? கால் சேந்துரும் சார். கட்டு போட்டவரே சொன்னாரு, ரெண்டு மாசத்துல புட்பால் ஆடலாம்னு."

"டேய், கால பாருடா" என்றார் வாசலில் நின்ற அக்கா. "பாதம் எந்தப் பக்கம் பாக்குதுன்னு பாரு. உன்ன யாருடா எடுக்கப்போறான்?"

"நீ கம்முனு இரு. உனக்கு இன்னா தெரியும் புட்பாலப் பத்தி?"

அந்தக் கால் இனிப் பந்தாடாது என்று அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. அந்த மேலாளர் யாரையும் வேலைக்கு எடுக்கும் அதிகாரத்தில் இல்லை, அவரே என்னைப் போல ஒரு குமாஸ்தாதான் என்பது என் ஒருவனுக்கு மட்டும் தெரியும். அதை நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "உன் இஷ்டம் தம்பி" என்பதுதான். கடிதத்தை மடித்தபோது தோளிலிருந்து ஒரு பாரம் இறங்கியதுபோல இருந்தது. அந்த நிம்மதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதை வேறு பெயரிட்டு எழுத முடியாது.

அக்கா சாலைவரை கூடவே வந்தார். "அவன எதுக்கு சார் கேட்ட? நீ பாத்தத நீ குடுக்க வேண்டியதுதானே."

"அவர் சம்மதம் இல்லாம எப்படிம்மா?"

"வேற ஆளு அட்டைய வச்சிக்கினு உள்ள வந்தப்ப, யாருடா நீன்னு ஒரு வார்த்த கேட்டியா? இப்ப மட்டும் கேக்கற."

பேருந்து எங்கே நிற்கும் என்று கையைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனார். நான் மயிலாப்பூர் வண்டியில் ஏறினேன். சங்க அலுவலகம் அன்று ஆறு மணிவரை திறந்திருக்கும், வழியில் இறங்கி நடந்தால் நேரம் இருந்தது. நான் இறங்கவில்லை.

அடுத்த மாதம் தேர்வில் தேறினேன். அடுத்த பருவத்தில் அந்த அணியின் ஆட்டம் ஒன்று எனக்கே வந்தது. ஒன்பதாம் எண்ணில் வேறொருவர் நின்றார். ஓய்வு நேரத்தில் மேலாளரைத் தனியாகக் கூப்பிட்டு, பழைய ஒன்பதாம் எண் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

மேலாளர் சற்று யோசித்தார். "யாரு சார்... ஓ, அவனா? வண்டியத்தான் ஓட்டறான். ஒத்தக் காலால மிதிக்கிறானாம். கெட்டிக்காரன் சார்."