அடைமுட்டைக்குள் ஒரு புள்ளி

தஞ்சாவூர் ஸ்கேன் அறையில் படுத்திருந்தது என் மகள். நர்ஸ் தண்ணீர் கொடுத்தது எனக்கு. அவ்வளவு வியர்வை. திரையின் இருட்டில் மினுங்கிய வட்டத்தைக் கண்டதும் எங்கள் பழைய குடிசைக்குப் போய்விட்டேன்.

அப்பா கூலிப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போயிருந்தார். வேய ஆளில்லாமல் கூரைக் கீற்றில் ஓட்டை. அதன் வழியே விழும் வெயிலில் அம்மா அடைமுட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காட்டுவாள். உள்ளே சிவப்பு நரம்புகள், நடுவில் துடிக்கும் புள்ளி. ஒருநாள் ஒரு முட்டையில் புள்ளி துடிக்கவில்லை.

"செத்துப்போச்சாம்மா?" நான் போட்ட கூச்சலில் கோழியே கூடையை விட்டு எழுந்துவிட்டது.

"கத்தாதடா. அதுக்குத் தெரிய வேணாம்" என்ற அம்மா, அந்த முட்டையை எறியாமல் கோழியின் வயிற்றடியிலேயே திரும்ப வைத்தாள். "மத்ததெல்லாம் பொரியற வரைக்கும் இருக்கட்டும்."

டாக்டர் வெகுநேரம் தேடினார். பிறகு என்னைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையசைத்தார்.

"என்னப்பா, துடிக்குதா?" என்றாள் மகள்.

வேர்த்த கைக்குள் அவள் கையை வைத்துக்கொண்டேன். "கண்ணாடி இல்லாம அப்பாவுக்கு ஒண்ணும் தெரியலம்மா" என்றேன்.

கண்ணாடி மூக்கின் மேலேயே இருந்தது.