டிரைவர் அண்ணனின் கைச்சூட்டுப் பெட்டி

சிகரெட் பெட்டி அளவில், நிக்கல் பூசிய பெட்டி அது. உள்ளே பஞ்சு, பஞ்சில் ஈயம் கலக்காத வெள்ளைப் பெட்ரோல், மேலே பிளாட்டினம் தோய்ந்த சிறு வலை. தீக்குச்சியால் வலையை ஒருமுறை சூடேற்றினால் போதும், சுடரே இல்லாமல் பகல் முழுக்கக் கணகணவென்று இருக்கும். கொடைக்கானலை விட்டுப் போன வெள்ளைக்கார வாத்தியார் ஒருவர் எங்கள் டிரைவர் அண்ணனுக்குக் கொடுத்தது. ஐம்பதுகளின் கடைசியில், விடியற்காலையில் அவர் ஓட்டிய முதல் வத்தலக்குண்டு பஸ்ஸில் நான் கண்டக்டர்.

குளிரில் அண்ணனுக்கு விரல்கள் மரத்துவிடும்; சட்டைப்பையிலிருக்கும் பெட்டியில் அவ்வப்போது சூடேற்றிக்கொண்டுதான் ஓட்டுவார். முதலாளிக்குத் தெரிந்தால் மறுநாளே வேலை போய்விடும். விஷயம் தெரிந்தவன் நான் ஒருவன்தான், பெட்டியைப் பராமரிப்பதும் என் பொறுப்பு. சலவைக்கடையில் கறை நீக்க வைத்திருக்கும் வெள்ளைப் பெட்ரோலை வாங்குவேன். வலையில் கரி அடைத்தால் ஸ்பிரிட் விளக்கில் சிவக்கக் காட்டிச் சுத்தம் செய்வேன். "வண்டிப் பெட்ரோல மட்டும் ஊத்திராதப்பா, அதுல இருக்க ஈயம் வலையக் கொன்னுரும்" என்று அண்ணன் நூறு தடவை சொல்லியிருப்பார். ஒருநாள் சலவைக்கடை பூட்டிக் கிடந்தது. வேறு கடை தேடச் சோம்பல். ஒருநாளில் என்ன குடிமுழுகிவிடும் என்று ஷெட்டிலிருந்த வண்டிப் பெட்ரோலைத் திருட்டுத்தனமாக ஊற்றினேன், மடப்பயல்.

மறுநாள் பார்த்து செக்கிங் இன்ஸ்பெக்டர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பெருமாள்மலை தாண்டியதும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வெறும் மேகம். அண்ணன் ஒரு கையைச் சட்டைப்பையில் விட்டு எடுத்தார், பிறகு மறு கையை. ஒரு வளைவில் பஸ் விளிம்புவரை போய்த் திரும்பியது. பின்னால் யாரோ "முருகா" என்றார்கள். வண்டியை ஓரங்கட்டி, பெட்டியை என் உள்ளங்கையில் வைத்து, மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலப்பா. சூடு இருக்கா?"

பெட்டி சில்லிட்டுக் கிடந்தது. இல்லை என்றால் ஏன் என்பார், பெட்ரோல் திருடியது இன்ஸ்பெக்டர் காதில் விழும்.

"நல்லா இருக்குண்ணே" என்றேன்.

அண்ணன் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கைதான் செத்துப்போச்சு" என்று எழுந்தார். இன்ஸ்பெக்டரிடம் தானே எல்லாவற்றையும் சொன்னார். "வண்டி நெறைய உசுரு இருக்குங்க. இனி நான் தொடக்கூடாதுங்க. வேற ஆளக் கூப்பிடுங்க."

அதன்பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. அடிவாரத்து வெயிலில் விரல்கள் ஒழுங்காக வேலை செய்தபோதும் அவற்றை நம்பவில்லை. பல வருஷம் கழித்துப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். நான் வாய் திறக்குமுன் அவர் அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து வந்தார்.

"நீயே வச்சுக்கப்பா. ஒருநாளும் இதக் கெடவிடாமப் பாத்துக்கிட்டவன் நீதான்."

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.