எண்ணெயில் போட்ட வழி

லெபனானிலிருந்து யூசுப் அண்ணன் ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அவருடைய பேத்தி, தட்டிலிருந்த ஒலிவ் எண்ணெயில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பார்த்ததுமே நினைவில் எழுந்த அதன் பச்சை வாசனை, மஹய்யாவவில் இருந்த எங்கள் பழைய வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே என்னைக் கொண்டுபோனது.

பேராதனையில் மருத்துவம் படித்தபோது அண்ணன் எங்கள் மேல் அறையில் குடியிருந்தார். பலஸ்தீனத்திலிருந்து துரத்தப்பட்ட குடும்பம். அவர் பிறந்தது லெபனான் அகதி முகாமில். ஆனால் ஊர் எதுவென்று கேட்டால் தாத்தாவின் கிராமத்தைத்தான் சொல்வார்.

ஒருநாள் அப்பா, "அங்க எப்படிப் போகணும் தம்பி?" என்று கேட்டார். அண்ணன் ரொட்டியை வைத்துவிட்டு, தட்டில் மிஞ்சிய ஒலிவ் எண்ணெயில் வழியை வரையத் தொடங்கினார். ஒரு வளைவு, ஒரு கிணறு, அத்திமரம்.

"கடைசியா எப்ப போனீங்க?"

"இன்னும் போகல அங்கிள். இனித்தான்," என்றார், எங்களிடம் பழகிய தமிழில்.

எண்ணெய்த் தட்டு காய்ந்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. எடுக்கக் கை நீட்டினார். இந்தியாவிலுள்ள துறையூரைக் கண்ணால் காணாமலே தன் ஊரென்று சொல்லிவந்த அப்பா தடுத்தார். "இரு, தம்பி இன்னும் வீடு போய்ச் சேரல."

இப்போது என் மகள் போனைக் கேட்டுக் கை நீட்டினாள். வீடியோவில் பேத்தியின் குட்டி விரல் அதே வளைவைத் தாண்டி, கிணற்றடிக்கு வந்திருந்தது.

"இரு," என்றேன். "புள்ள இன்னும் வீடு போய்ச் சேரல."