லாயிட் தேர்ந்தெடுத்த ஜாக்கெட்

சர்வர் அறையின் குளிர் எப்போதும் பதினெட்டு டிகிரி. அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு லாயிட் இருபது நிமிடமாக அசையாமல் உட்கார்ந்திருந்தார். உடம்பில் கருப்பு ஃப்ளீஸ் ஜாக்கெட். முந்தைய நாள் அதே நாற்காலியில் நீல ஜாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்.

கதவைத் திறந்த இளம் பொறியாளன் கிஷோர் சிரித்துவிட்டான்.

"என்ன லாயிட் அண்ணா, தவமா?"

"குளிருதான்னு பாக்கறேன் சார். முதுகுல பரவால்ல. கழுத்துல ஏறுது. காலர் சின்னது. இது வேணாம்."

"குதுரேமுக் மலைல ரெண்டு நாள்தான அண்ணா? எவரெஸ்டுக்குப் போற மாதிரி பாக்கறீங்களே."

"குளிருக்கு ரெண்டு நாள் பத்து நாள்னு தெரியுமா சார்?"

லாயிட்டுக்கு நாற்பத்தெட்டு வயது. லிங்கராஜபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்த மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாகக் கூரியர் அனுப்புவது, உடைந்த நாற்காலியை மாற்றுவது, பிறந்தநாள் கேக் வாங்கி வருவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால், நிறுவனத்தின் ஊழியர் அல்லர். ஒப்பந்தக்காரர் ஒருவரின் ஆள். நிரந்தர ஊழியர்களின் அடையாள அட்டை நீல நாடாவில் தொங்கும், அவருடையது மஞ்சளில். நிரந்தரம் ஆக்கிவிடுவதாக மூன்று மேலாளர்கள் சொன்னார்கள். மூவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

டிசம்பரில் மலையேற்றம் என்று சில வாரம் முன்புதான் அறிவிப்பு வந்திருந்தது. நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். எல்லாருக்கும் ஒரே மாதிரி ஜாக்கெட். எடை குறைவாக, கதகதப்பாக இருக்க வேண்டும். தேர்வு செய்யும் வேலையை மனிதவளப் பிரிவின் கிருத்திகா லாயிட்டிடம் கொடுத்தாள். கோயம்புத்தூர்ப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை ஆண்டுதான். பேச்சை முடித்து எழுந்தபோது திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"உங்க சைஸ் என்னங்ண்ணா?"

"எல், மேடம்."

அவள் கணினியில் எதையோ குறித்துக்கொண்டாள். அந்த ஒரு கேள்வியை லாயிட் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

மறுநாளிலிருந்து அவர் மின்தூக்கியில் ஏறவில்லை. ஒன்பது மாடியும் படியில்தான். ஒரு வாரத்தில் முழங்கால் வீங்கியது. மனைவி வீணா தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"எந்த ஊரு மலைய்யா இது, ஏறறதுக்கு முன்னாடியே முட்டி போச்சு?"

"பழகணும்ல. சின்னப் பசங்களோட போகணும்."

"லிஸ்ட்ல பேரு வந்துச்சா?"

"சைஸ் கேட்டாங்கடி. பெர்மனென்ட் ஆக்காமயா சைஸ் கேப்பாங்க?"

"கேட்டாங்க, கேட்டாங்க. பதினோரு வருஷமா எல்லாந்தான் கேக்கறாங்க" என்றாள் வீணா. ஆனாலும் அந்த ஞாயிறு தேவாலயத்தில் நான்கு பேரிடம் செய்தியைச் சொன்னாள்.

ஐந்து கடைகளின் மாதிரிகளையும் லாயிட் கூரியர் தராசில் நிறுத்தார். முந்நூறு கிராமைத் தாண்டிய இரண்டைத் தள்ளினார். மிக லேசான ஒன்றை ஜன்னலில் பிடித்தார். துணியினூடே எதிர்க் கட்டடம் தெரிந்தது. அதையும் தள்ளினார். சவரம் செய்யாத தாடையில் துணியைத் தேய்த்து உருண்டை எழுகிறதா என்று சோதித்தார். ஜாக்கெட்டின் ஒரு கையை நனைத்துக் காயப்போட்டு, உலரும் நேரத்தைக் குறித்தார். கடைசியில் நின்றது சாம்பல் நிறத்து மாதிரி: இருநூற்று எண்பத்தைந்து கிராம், கழுத்துவரை ஜிப், உயர்ந்த காலர். சர்வர் அறையில் அதைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். குளிரவில்லை.

கிருத்திகா அளவுக் கணக்கை அனுப்பினாள். மொத்தம் நாற்பத்திரண்டு, அதில் 'எல்' பதினான்கு. நெஞ்சில் ஒவ்வொருவரின் பெயரையும் தைக்க வேண்டும் என்பதால் பெயர்ப் பட்டியலை நேரடியாகக் கடைக்கே அனுப்பிவிட்டாள். பதினான்கில் ஒன்று தன்னுடையது என்று லாயிட் நம்பினார்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு பெட்டிகள் வந்தன. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் 'எல்' உறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார். ரகு, நாகேஷ், சிவசங்கரன், அனுஷா. பதினான்கும் முடிந்தன. கடைக்காரன் அளவை மாற்றிப் போட்டிருக்கலாம் என்று 'எம்' பெட்டியைப் பிரித்தார். பிறகு 'எக்ஸெல்'. தமக்கு ஒருபோதும் பொருந்தாத 'எஸ்' பெட்டியையும் விடவில்லை. எல்லாவற்றையும் பழையபடி மடித்து வைத்துவிட்டுக் கிருத்திகாவின் மேசைக்குப் போனார்.

"மேடம், என் ஜாக்கெட் வரல."

அவள் விழித்தாள். "உங்களுதா?"

"அன்னைக்கு சைஸ் கேட்டீங்களே."

"ஐயோ அண்ணா! போட்டுப் பாக்க எந்த சைஸ்ல சாம்பிள் வரச் சொல்றதுன்னுதான் கேட்டேன். நீங்க வெண்டர் ஆளு இல்லீங்ளா? டூர் இன்ஷூரன்ஸ்லயே வராதுங்ண்ணா."

"டிசம்பருக்குள்ள பெர்மனென்ட் ஆக்கறதா முன்னாடி இருந்த மேனேஜர்..."

"அவரு போயிட்டாரே." குரலைத் தணித்துக்கொண்டாள். "அந்த கிரே சாம்பிளை வேணும்னா நீங்க வெச்சுக்கோங்க. நல்லாத்தானே இருக்குது?"

லாயிட் அதை வைத்துக்கொள்ளவில்லை. கடைக்குத் திருப்பி அனுப்பினார். உறையில் போடும் முன் பழக்கத்தால் தராசில் வைத்தார், இருநூற்று எண்பத்தைந்து. வெள்ளிக்கிழமை நாற்பத்திரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி ஜாக்கெட்டைக் கொடுத்தார். தண்ணீர்ப் பெட்டிகளைப் பேருந்தில் ஏற்றிவிட்டார். ஞாயிறு தேவாலயத்துக்குப் போனால் அந்த நான்கு பேரும் கேட்பார்கள் என்று அவரும் வீணாவும் போகவில்லை.

திங்கட்கிழமை கிஷோர் அதே ஜாக்கெட்டில் வந்தான்.

"செமையா இருந்துச்சு அண்ணா. உச்சியில காத்து பிச்சுக்கிச்சு. குளிரே தெரியல!"

"தெரியாது சார். நான் உக்காந்து பாத்திருக்கேன்."

பின்னால் வந்த கிருத்திகா, "ஜூன்ல எல்லாருக்கும் மழைக்கோட்டு வாங்கறோங்ண்ணா. அதையும் நீங்களே பாத்துருங்க. உங்களை மாதிரி யாரும் பாக்க மாட்டாங்க" என்றாள்.

"பாக்கறேன் மேடம். சாம்பிள எந்த சைஸ்ல வேணா வரச் சொல்லுங்க. என்னைக் கேக்காதீங்க."

அவள் சிரித்தாள். லாயிட் கூரியர்களை எடுத்துக்கொண்டு கீழே போனார், மின்தூக்கியில்.